பூச்சாடி வைக்காத படம்

அண்ணே,

இன்று காலை பேத்தி தன் போனைக் கொண்டுவந்து என் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். "அம்மாச்சி, இதைப் பாருங்கோ" என்றாள். எங்கோ ஒரு நாட்டில் பிறந்த பூனைக்குட்டி. தலை ஒன்று, முகம் இரண்டு. இரண்டு வாயும் ஒரே நேரத்தில் திறந்து கத்தியது. கையிலிருந்த கோப்பையைக் கீழே வைக்கவும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். படத்துக்குக் கீழே சனங்கள் எழுதியிருந்ததை அவளே வாசித்துக் காட்டினாள். பொய்யாம். கம்ப்யூட்டரில் செய்ததாம். ஊரை ஏமாற்றுகிற வேலையாம். வாசித்து முடித்துவிட்டு, "ஓம் அம்மாச்சி, இது செய்த படந்தான். உப்பிடி ஒண்டும் பிறக்காது" என்று அவளும் தீர்ப்புச் சொன்னாள்.

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "பொறக்கும்டி! என் வீட்டுலயே பொறந்துச்சு. இந்தக் கையில வச்சிருந்தேன்" என்று கத்தினேன். அவள் பயப்படவில்லை. என் பேத்தியல்லவா. "அப்ப படம் எங்கை?" என்று கேட்டாள். படம் எடுத்தவர் நீங்கள். அதனால்தான் கொப்பியில் தாளைக் கிழித்து உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். அந்தக் குட்டியை உயிரோடு கண்டவர்களில் இங்கே மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான்.

எழுபத்தேழு கலவரத்தில் மலையில் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயம் எரிந்த பிறகு இங்கே வந்த குடும்பங்களில் நாங்களும் ஒன்று. ஸ்கந்தபுரத்துப் பக்கம், குளத்து வாய்க்கால் போய் முடிகிற இடத்தில் எங்களுக்கு ஒரு துண்டு நிலம். கொழுந்து பறித்த கை களை பிடுங்கப் பழகியது. ஊர் எங்களை விரட்டவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். வேலைக்குக் கூப்பிட்டது, கோயில் பொங்கலுக்கும் சேர்த்துக்கொண்டது. நாங்கள் வாயைத் திறந்து ஒன்று சொன்னால் மட்டும் அதற்குக் காது கேட்காது. "உதுகள் கண்டபடி கதைக்குங்கள்" என்று எங்கள் முன்னாலேயே சொல்லிவிட்டு, வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போவார்கள்.

எண்பத்து மூன்றுக்கு முந்தின வருஷத்துச் சிறுபோகம், கோடை நெல்லுக் காலம். எங்கள் சாம்பல் பூனை குசினி அடுப்பு மூலையில் சாக்கின்மேல் குட்டி போட்டது. முதல் இரண்டும் எல்லாக் குட்டிகளையும் போலத்தான். கடைசிக் குட்டியை நக்கித் துடைத்துவிட்டு அது தலையைத் தூக்கியபோதுதான் பார்த்தேன். இரண்டு மூக்கு, இரண்டு வாய், மூடியிருந்த கண்களுக்கு மூன்று கோடு. நடுக்கோடு மற்ற இரண்டையும்விட நீளம். தாய்க்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. இந்த முகத்தை நக்கியது, பிறகு அந்த முகத்தை நக்கியது. நான்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பக்கத்துக் காணி பாக்கியம் அக்கா தீப்பெட்டி கேட்டு வந்தவர் எட்டிப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ பிள்ளை, உதைக் கொண்டுபோய் வாய்க்காலிலை விடும். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்" என்றார். அவருடைய மகள் நிறைமாதம். அப்படி ஒரு பிறப்பைப் பற்றிய கதை கர்ப்பிணி இருக்கிற வீட்டுப் படலையைத் தாண்டக்கூடாது என்பது அவர்கள் பழக்கம். தீப்பெட்டியை வாங்காமலே போய், தலையில் தண்ணீர் வார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் ஏறினார்.

நான் விடவில்லை. துணித் திரியை ஆட்டுப் பாலில் நனைத்து வைத்தேன். இந்த வாயில் வைத்தால் அந்த வாயும் சும்மா சப்பியது. சங்கக்கடையில் சாமானுக்கு நின்றபோது வாய் பொறுக்காமல் சொல்லிவிட்டேன். சிரித்தார்கள். "பாக்கியம் அக்காவும் பாத்தாங்க, கேளுங்க" என்றேன். அவர் அங்கேதான் நின்றார். என்னைப் பார்க்காமல், "நான் ஒண்டும் காணேல்லை" என்றார். அவருடைய பயம் எனக்கு விளங்கியது. ஆனால் அவர் பயத்துக்கு நான் பொய்க்காரி ஆவதா? வீட்டுக்கு வந்து பாருங்கள் என்றால் அபசகுனம் என்றார்கள். பார்க்காமலே பொய் என்றார்கள். ஒரே வாயால் இரண்டையும் சொன்னார்கள்.

அடுத்த நாள் விடிந்ததும் குட்டியைத் தாய்ப் பூனையோடு கடகத்தில் வைத்து, துணியால் கட்டி, கிளிநொச்சி பஸ்ஸில் ஏறினேன். உங்களை எனக்குத் தெரியாது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூடியோ இருப்பதும், அதன் கண்ணாடிக்குள் அரிசி மில்லுக்காரரின் படம் இருப்பதும்தான் தெரியும். அந்தப் படத்தைத் தெரியாதவர் யார்? மேசைக்கு இந்தப் பக்கக் கதிரையில் மில்லுக்காரர். அந்தப் பக்கக் கதிரையிலும் மில்லுக்காரர். இவர் அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுக்கிறார். நடுவில் ஒரு பூச்சாடி. சந்தைக்கு வருகிறவர்கள் அதைப் பார்க்காமல் போனதில்லை, தங்களையும் இரண்டாக்கித் தரச் சொல்லி உங்களிடம் வராத மாப்பிள்ளையும் இல்லை.

"உதுக்குள்ளை என்ன தங்கச்சி, கோழிக்குஞ்சோ?" என்று கேட்டீர்கள். துணியை அவிழ்த்துக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தீர்கள். குனிந்தபடியே வெகுநேரம் நின்றீர்கள். நான் பேசுவதற்கு ஆயத்தமாக இருந்தேன். ஏமாற்ற வரவில்லை, ஒட்ட வைக்கவில்லை, சாமி சத்தியம் என்றெல்லாம் பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். நீங்கள் கேட்டதோ, "பால் குடிக்குதோ?" என்று. பிறகு, "எந்தப் பக்கத்தாலை குடிக்குது?" என்று. அந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு அடுத்த கேள்வி கேட்டவர் நீங்கள்தான் அண்ணே. அங்கேயே அழுதுவிட்டேன். நீங்கள் பூனைக்காக அழுகிறேன் என்று நினைத்து, "உயிர் இருக்குது தானே, ஏன் அழுறீர்?" என்றீர்கள்.

மேசையில் வைத்தால் குளிரும் என்று என் உள்ளங்கையிலேயே வைக்கச் சொன்னீர்கள். "கை ஆடக்கூடாது. மூச்சைப் பிடியும்" என்றீர்கள். கமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு நீங்களும் மூச்சைப் பிடித்தது எனக்குக் கேட்டது. குட்டி அடுத்த நாள் மத்தியானம் தாயின் வயிற்றில் முகங்களைப் புதைத்தபடி அடங்கிப்போனது. முருங்கைக்குக் கீழே புதைத்தேன். படத்தை நீங்கள் கழுவி, கண்ணாடிக்குள் மில்லுக்காரருக்குப் பக்கத்தில் மாட்டினீர்கள். மாட்டியது நல்ல எண்ணத்தில்தான்.

அந்த எண்ணம் எங்கள் தலையில் விடிந்தது. "மில்லுக்காரரை ரெண்டாக்கின மனுசனுக்குப் பூனையை ரெண்டாக்கிறது பெரிய வேலையே?" என்று முழுக் கடைத்தெருவும் சிரித்தது. உங்கள் கெட்டித்தனமே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது. ஊரில் எனக்குப் பூனைக்காரி என்று பெயர் விழுந்தது. புதைத்த இடத்தைக் கிண்டிக் காட்டச் சொல்லி ஆட்கள் வந்தார்கள். நான் மண்வெட்டியோடு முருங்கையடியில் நின்று, "மொதல்ல நான் பொய் சொல்றேன்னு நீங்க நிரூபிங்க, பொறவு கிண்டலாம்" என்றேன். திரும்பிப் போனார்கள். போகும்போதும் சிரித்துக்கொண்டுதான் போனார்கள்.

சிரிப்போடு நின்றிருந்தால் நானும் விட்டிருப்பேன். அந்தச் சிறுபோகம் குளத்தில் தண்ணீர் குறைவு. முறை வைத்துத்தான் வயலுக்கு விட்டார்கள். எங்கள் முறை வருகிற நாளில் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை. விடிகாலையில் வாய்க்கால் கரையோடு நடந்து போய்ப் பார்த்தேன். மேலே மில்லுக்காரருடைய வயலுக்குப் போகிற மடையில் பலகை தூக்கிக் கிடந்தது. எங்கள் தண்ணீர் முழுக்க அங்கே பாய்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் முறையைப் பார்க்கிற வட்டவிதானையிடம் போய்ச் சொன்னேன். பக்கத்தில் நின்ற மில்லுக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? "பாவம், அவாக்கு எல்லாம் ரெண்டு ரெண்டாத்தான் தெரியும்." வட்டவிதானையும் சிரித்துவிட்டார். கதிர் வருகிற பயிர் என் கண் முன்னால் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. அது போனால் அந்த வருஷம் என் பிள்ளைகளுக்குச் சோறு இல்லை.

உங்களிடம் ஓடி வந்தேன். "அண்ணே, கும்புடுறேன், அந்தப் படத்தக் கழட்டிருங்க. அது அங்க இருக்குற வரைக்கும் என் பேச்சு எடுபடாது" என்றேன். நீங்கள் கதிரையை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னீர்கள். "கழட்டினா நீர் சொன்னது பொய் எண்டு நானே ஒப்புக்கொண்ட மாதிரி. கழட்ட மாட்டன்" என்றீர்கள். எனக்குக் கோபம் வந்தது. நீங்களும் எனக்கு நஞ்சு கொடுக்கிறீர்களே என்று பேசிவிட்டு வந்தேன். வயல் செய்கிறவர்கள் கூடுகிற கமக்காரர் கூட்டம் எப்போது என்று வாசல் வரை வந்து கேட்டீர்கள். சொன்னேன், எதற்குக் கேட்கிறீர்கள் என்று யோசிக்கவில்லை.

கூட்டம் பள்ளிக்கூடக் கொட்டிலில், பின்னேரம். நான் எழுந்து மடைப் பலகையைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதுமே பின்வரிசை வாங்கிலிருந்து "மியாவ்" என்று ஒருவர் கத்தினார். கொட்டிலே குலுங்கியது. அந்தச் சிரிப்புக்குள்தான் நீங்கள் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு உள்ளே வந்தீர்கள். வெள்ளைச் சேட்டு வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. வட்டவிதானையிடம், "நான் இந்த ஊர் ஆள் இல்லை. ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போறன்" என்றீர்கள்.

கையில் மில்லுக்காரருடைய படம், அதன் நெகட்டிவ், என் பூனைப் படம், அதன் நெகட்டிவ். முதலில் மில்லுக்காரர் படத்தைத் தூக்கிப் பிடித்தீர்கள். "இது நான் செய்த பொய். எப்பிடிச் செய்தனான் எண்டு சொல்லுறன், கேளுங்கோ" என்றீர்கள். சிரித்தவர்கள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். அந்த வித்தையைத் தெரிந்துகொள்ள ஆசைப்படாதவர் அங்கே ஒருவரும் இல்லை. கமராக் கண்ணில் பாதியைக் கறுப்பு மட்டையால் மறைத்து, ஆளை இடப்பக்கம் இருத்தி எடுப்பது. பிறகு மட்டையை மற்றப் பாதிக்கு மாற்றி, அதே ஆளை வலப்பக்கம் இருத்தி எடுப்பது. "ரெண்டும் சேருற இடத்திலை ஒரு கோடு விழும். அதை மறைக்கத்தான் நடுவிலை பூச்சாடி. எல்லாரும் ரெண்டு மில்லுக்காரரைப் பாத்தியளே தவிர, உதிலை ஏன் பூச்சாடி நிக்குது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை." நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பூச்சாடிக்கு மேலே மிஞ்சிய கோட்டைக் காட்டினீர்கள். ஆட்கள் எழும்பி வந்து ஒவ்வொருவராகப் பார்த்தார்கள்.

பிறகு என் படம். "இதிலை பூச்சாடி எங்கை? இது இந்தப் பிள்ளையின்ரை உள்ளங்கை. இந்தக் கரையிலை துவங்கின ரேகை குட்டிக்குக் கீழாலை போய் அந்தக் கரையிலை அப்பிடியே வெளிக்கிடுது. எங்கையாவது வெட்டுப்பட்டிருக்கோ? பாருங்கோ." என் பக்கம் திரும்பி, "தங்கச்சி, கையைக் காட்டும்" என்றீர்கள். காட்டினேன். வட்டவிதானை மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு மனுஷனும் அதுவரை என் கையை அவ்வளவு மரியாதையோடு பார்த்ததில்லை.

மில்லுக்காரர் எழும்பினார். "என்னைப் படம் பிடிச்சுப் பேர் எடுத்த ஆள், எனக்கு எதிரா நிக்கிறீரோ?" என்றார். "உங்களை ரெண்டாக் காட்டினது என்ரை கை. அதாலை அதைப் பொய் எண்டு சொல்ல எனக்கு உரிமை இருக்குது. இதை நான் செய்யேல்லை. அதாலை இது மெய்யெண்டும் நான்தான் சொல்லவேணும்" என்றீர்கள். நீங்கள் சத்தம் போடவேயில்லை.

எல்லோரும் நம்பிவிட்டார்கள் என்றா நினைக்கிறீர்கள்? "அப்ப உது வேறை விதமான வித்தை" என்று அதே பின்வரிசைக் குரல் சொன்னது. அப்போதுதான் எனக்கு எங்கிருந்தோ ஒரு தைரியம் வந்தது. எத்தனை கோடு காட்டினாலும் நம்ப விரும்பாதவனுக்கு இன்னொரு வித்தை கிடைக்கும் என்று விளங்கியது. "பூனைய நம்பாட்டிப் போங்க! எனக்கொண்ணும் இல்ல. மடை இங்கருந்து கூப்பிடு தூரம். இப்பவே எல்லாரும் நடங்க, பலகை எங்க கெடக்குன்னு உங்க கண்ணால பாருங்க" என்றேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தேன். நீங்கள் சைக்கிளை உருட்டிக்கொண்டு எனக்குப் பின்னால் வந்தீர்கள். உங்களுக்குப் பின்னால் வட்டவிதானை. பிறகு எல்லோரும் வந்தார்கள்.

பலகை தூக்கித்தான் கிடந்தது. வட்டவிதானை தன் கையால் அதை இறக்கினார். அன்று பொழுதுபடுவதற்கு முன் எங்கள் வயலுக்குத் தண்ணீர் வந்தது. பயிரில் பாதி தப்பியது. ஊர் தண்ணீரை நம்பியது, பூனையைக் கடைசிவரை நம்பவில்லை. இப்போது நினைத்தாலும் சிரிப்பாக இருக்கிறது. பாக்கியம் அக்காவின் மகளுக்குச் சுகமாகப் பிள்ளை பிறந்த பிறகு, அவர் என் காதுக்குள் வந்து, "நான் கண்டனான்தான் பிள்ளை" என்றார். காதுக்குள் சொன்னதை நான் சாட்சியாக எடுக்கவில்லை. பிள்ளைக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

நட்டம் உங்களுக்குத்தான். குட்டு வெளிப்பட்ட வித்தைக்கு யார் வருவார்கள்? தன்னைத் தானே பார்த்துச் சிரிக்க ஆசைப்பட்ட மாப்பிள்ளைமார் உங்கள் கடையை விட்டுவிட்டார்கள். நீங்கள் மில்லுக்காரர் படத்தைக் கழற்றிவிட்டு என் உள்ளங்கையைக் கண்ணாடிக்கு நடுவில் மாட்டினீர்கள். எனக்காகப் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டீர்களே என்று நான் சொன்னபோது உங்களுக்குக் கோபம் வந்தது. "உமக்காக எண்டு ஆர் சொன்னது? என்ரை கண்ணுக்காக. நான் கண்டதை இல்லையெண்டு ஆரும் சொல்லேலாது" என்றீர்கள். பிறகு, "இனி ஒருத்தரிட்டையும் நம்புங்கோ எண்டு கெஞ்சாதையும். கண்டதைச் சொல்லும். கேட்டா இன்னொருக்காச் சொல்லும்" என்றீர்கள். அந்தச் சொல் எனக்கு எதற்கெல்லாம் தேவைப்படும் என்று அன்றைக்கு இரண்டு பேருக்கும் தெரியாது.

எண்பதுகளின் கடைசி. நல்ல பகல். நான் எதிர்க்கடையில் புளி வாங்கிக்கொண்டு நின்றேன். ஜீப் வந்து உங்கள் வாசலில் நின்றது. தோளில் துவக்கோடு இறங்கியவர்கள் உங்களை வெளியே கூப்பிட்டார்கள். படம் கழுவிய கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டே வந்தீர்கள். செருப்புப் போட விடவில்லை. நான் தெருவைத் தாண்டி ஓடிவந்து, "எங்க அண்ணன எங்க கூட்டிட்டுப் போறீங்க?" என்று கேட்டேன். ஒருவன் என்னைப் பிடித்துத் தள்ளினான். நீங்கள் ஜீப்பில் ஏறிய பிறகு என்னைப் பார்த்து, "தங்கச்சி, உள்ளை படங்கள் காயுது. தூசி படாமல் கதவைச் சாத்திவிடும்" என்றீர்கள். சாத்தினேன் அண்ணே.

கடைத்தெரு முழுக்க ஆட்கள் நின்றார்கள். உங்கள் மனைவி ஒவ்வொரு கடையாகப் போய்க் கேட்டபோது ஒருவரும் ஒன்றும் காணவில்லை. அவர்கள் வீடுகளிலும் பாக்கியம் அக்காவின் மகளைப்போல யாரோ இருந்திருப்பார்கள், அவர்களுக்கும் பயம் இருந்திருக்கும். நான் கண்டேன் என்று சொன்னேன். "ஆர், அந்தப் பூனைக்காரியோ?" என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. விழட்டும். உங்கள் மனைவியோடு ஒவ்வொரு இராணுவ முகாம் வாசலுக்கும் போனேன். அவர் கண்மூடிய பிறகு தனியாகப் போனேன். ஸ்டூடியோவும் போய், யுத்தத்தில் ஊர் ஊராக ஓடியதில் படமும் போய், நெகட்டிவும் போய், என் வாய் மட்டும் மிஞ்சியது.

போன மாதமும் காணாமல் போனவர்களைப் பற்றிய விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மரியாதையான பொடியன், வயது என் பேரன் மட்டில் இருக்கும். "காணாமல் போனவருக்கு நீங்கள் என்ன உறவு அம்மா?" என்று கேட்டான். "என் பூனையப் படம் எடுத்தவரு" என்றேன். பேனையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். ஏதாவது ஆதாரம் இருக்கிறதா, ஒரு படமாவது இருக்கிறதா என்று கேட்டான்.

"ஆதாரம் நான்தாங்க தம்பி. எழுதிக்கிங்க. அவரு காணாமப் போகல. நல்ல பகல்ல, கையில படங்கழுவுன ஈரத்தோட கொண்டுபோனாங்க. நான் பாத்தேன்."

"போன முறையும் இதைத்தான் சொன்னீங்கள் அம்மா" என்றான்.

"அடுத்த தடவையும் இதத்தான் சொல்லுவேன்" என்றேன்.

வருகிற மாதம் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள் அண்ணே. போவேன்.